பருத்திக்குள் போன அரிவாள்

சங்கராந்தி வந்துவிட்டால் பிம்பள்தராவில் மனிதர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள், பருத்தி வீட்டுக்குள் குடியேறிவிடும். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிற பருத்தி. கூடத்தில் விட்டம்வரை குவிந்து, அடுப்பங்கரைக்குள் சரிந்து, சாமி மாடத்தையும் மூடிக்கொண்டு கிடக்கும். அடுப்பு முற்றத்துக்கு வரும். பீடி பிடிக்கிறவன் தெருவுக்குப் போகவேண்டும். நாள்பட்ட பருத்தியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கிளம்பி ஊரையே சொறியவைக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூடச் சொறிந்துகொண்டேதான் பெண் பார்ப்பார்கள். ‘சொறியாதவன் வீட்டில் சோறில்லை’ என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. அது பெருமைக்குச் சொல்வது.

நான் ஸ்டேஷனில் வேலை பார்த்தவன். தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றி வண்டியைத் தடம் திருப்புவது, கொடி காட்டுவது, விளக்குத் துடைப்பது, மாஸ்டர் தூங்கும் நேரத்தில் டிக்கெட் கொடுப்பது எல்லாம் நான்தான். ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது, கொடிக்காரன் என்றால் தெரியும். ஸ்டேஷன் வீட்டில் என்னைவிடப் பாம்புகள் அதிகம் இருந்ததால் துளசிராம் காவண்டேயின் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். சீசனில் அந்த அறையிலும் பாதி பருத்திதான்.

அந்தப் பருத்தி அம்பாரம்தான் வீட்டுக்கு அலமாரி. சீதாப்பழம் பழுக்க அதில் புதைப்பார்கள். முட்டை வைப்பார்கள், வெல்லக்கட்டி ஒளிப்பார்கள். வண்டி ஏற்றுகிற அன்று அவரவர் பொருளை அவரவர் துழாவி எடுத்துவிட வேண்டும். இரும்பு மட்டும் பருத்திக்குள் போகக்கூடாது. எங்கள் ஊரில் தாய்ப்பாலோடு சேர்த்துப் புகட்டுகிற பாடம் அது. ஜின்னிங் மில்லில் கொட்டையைப் பிரிக்கிற எந்திரத்துக்குள் ஓர் ஆணி போனாலும் பொறி பறக்கும், காற்றில் மிதக்கிற பஞ்சுத்தூசி மொத்தமும் பற்றிக்கொள்ளும். அந்த எந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி கைகையாகப் பருத்தி ஊட்டுகிறவர்கள் பெண்கள். மில் வாசலில் டீ விற்கிற கங்குபாய் எந்நேரமும் முந்தானையால் முகத்தை மூடியிருப்பாள். அவளும் ஒரு காலத்தில் உள்ளே உட்கார்ந்தவள்தான்.

துளசிராமின் தங்கை வேணு அந்தப் பெண்களில் ஒருத்தி. புருஷன் வீட்டில் அடி தாங்காமல் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் ஸ்டேஷனில் வந்து இறங்கினவள். பெட்டியை நான்தான் தூக்கிவந்தேன். வாயாடி. சிரித்தால் மில் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அவள் வந்தபிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு நேரத்துக்கு எரிந்தது.

எங்கள் சின்ன ரயிலின் வேகம் ஊருக்கே கேலி. நடுவில் இறங்கி ஒரு கைப்பிடி பச்சைக்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டு அதே பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தண்டவாளத்தைப் பஞ்சுக்காகத்தான் போட்டார்கள். தண்டவாளம் வந்ததால் மில் வந்தது. மில் வந்ததால் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லன், லாடம் அடிப்பவன், கொட்டை வாங்கும் செக்குக்காரன், சாராயக்கடை, வியாழக்கிழமைச் சந்தை எல்லாம் வந்தன. எங்கள் பஞ்சு இங்கே இறுக்கிக் கட்டின பேல்களாகி, மூர்த்திஜாபூரில் பெரிய ரயிலுக்கு மாறி, பம்பாய்க்குப் போய்விடும். ரயிலின் விசிலைக் கேட்டுத்தான் ஊர் சாப்பிட உட்காரும்.

அந்த வருடம் எல்லாம் குலைந்தது. லாரிகள் வந்துவிட்டன. லாரி ஓடுகிற நெடுஞ்சாலை மூர்த்திஜாபூர் பக்கம், மாட்டுவண்டி போய்த் திரும்ப முடியாத தூரத்தில் இருந்தது. மில் சேட் எந்திரங்களைக் கழற்றி அந்தச் சாலையோரம் கொண்டுபோகிறார் என்று மாதக்கணக்காகப் பேச்சு. பேச்சு நிஜமாகிவிட்டது. அந்த வாரம் போகிற சரக்கு வண்டிதான் எங்கள் ஸ்டேஷனில் பஞ்சு ஏற்றும் கடைசி வண்டி என்று எங்களுக்கே உத்தரவு வந்தது. அதற்கப்புறம் வீட்டு வாசலில் வந்து நிற்கிற லாரிக்காரனிடம்தான் பருத்தியைப் போடவேண்டும். அவன் சொன்னதுதான் விலை, அவன் தராசுதான் தராசு.

புது மில்லுக்கு வர விருப்பமுள்ள பெண்கள் பேர் கொடுக்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அங்கே தங்க இடமும் உண்டாம். வேணு கொடுக்கவில்லை. அண்ணி அனுசயா நிறைமாதமாக இருந்தாள். அனுசயாவுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை.

மூன்றாவது தங்கியது, பெண் குழந்தை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு இருக்கவேண்டும், பேர் வைக்கிற நாள்வரை எடுக்கக் கூடாது. காற்று கருப்பு அண்டாதாம். மற்ற வீடுகளில் கட்டிலுக்கடியில் அரிவாளை வைப்பார்கள். இங்கே கட்டில் போட இடம் ஏது? அம்பாரத்தின் ஓரத்தைக் குழித்து, மேலே பழஞ்சேலைகளை விரித்து, அதையே தாய்க்கும் பிள்ளைக்கும் படுக்கையாக்கினார்கள். செப்புக்கம்பி சுற்றின பிடிபோட்ட கதிர் அரிவாளைத் துளசிராமே தன் கையால் தலைமாட்டில் செருகினான். இரும்பு ஆகாது என்ற பாடமும் இரும்பு வேண்டும் என்ற பாடமும் அந்த ஒரு படுக்கையில் முட்டிக்கொண்டதை யாரும் யோசிக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை.

கடைசி வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மேற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. மில் சங்கு ஊதியதும் வேணு போய்விட்டாள். துளசிராம் வண்டியைப் பின்பக்கமாக வாசலை ஒட்டி நிறுத்தினான்.

“கொடிக்காரரே, ஏறி மிதிங்க. உங்க தொந்திக்கு இதான் வேலை. அனு, பிள்ளைய எடுத்துட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் போ.”

“இப்பதாங்க கண்ணு அசந்திருக்கு. கொஞ்சம் பொறுத்தா என்ன?”

“நான் பொறுப்பேன். வானம் பொறுக்குமான்னு அதக் கேளு.”

“எல்லாத்தையும் இன்னிக்கே அள்ளணுமா? என் படுக்கைய மட்டும் விடுங்களேன்.”

“ஒரு கொட்ட லாரிக்காரனுக்கு விடமாட்டேன். அவன் வந்து ‘என்ன காவண்டே, மில் எங்கே போச்சு?’ன்னு பல்லைக் காட்டுவான், நான் நிக்கணுமா? எந்திரி.”

அவள் பிள்ளையையும் சேலைகளையும் ஒரே சுருட்டாக அணைத்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளை வீறிட்டது. அவன் குழிந்த படுக்கையைக் கையால் வாரி வண்டியில் எறிந்தான், நான் மிதித்தேன். என் காலில் அரிவாள் படவில்லை. பட்டிருந்தால் கால் போயிருக்கும், கதையும் அத்தோடு முடிந்திருக்கும்.

மத்தியானம் நான் சோள ரொட்டியும் பச்சைமிளகாய்த் துவையலும் தின்றுகொண்டிருந்தபோது மாட்டுக்கொட்டகையிலிருந்து அனுசயா கூப்பிட்டாள். சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டிருந்தாள்.

“கொடிக்காரண்ணே, அரிவாளக் காணோம்ணே.”

“மாடத்துல இருக்கும்மா.”

“இல்லண்ணே. எல்லா எடமும் பாத்துட்டேன். பிள்ள காலையிலேர்ந்து பால் குடிக்க மாட்டேங்குது, மேலு சுடுது. அதான் தலமாட்டப் பாத்தேன். ஐயோ, ரெண்டு போச்சே, இதையும் கொண்டுபோகப் போறானா அந்தச் சாமி? நீங்க சைக்கிள்ல போயி அவருகிட்டச் சொல்லுங்க, வண்டியில கெடக்கும், தேடி எடுத்துட்டு வரச்...”

பேச்சு அங்கேயே நின்றது. பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கையும் நின்றது. என்னைப் பார்த்தாள்.

“அண்ணே. வேணு.”

நான் ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

“பிள்ளைக்கு இரும்பு அப்புறம் பாத்துக்கலாம்ணே. ஓடுங்க. அவ எந்திரிக்கட்டும் அங்கேர்ந்து. அனுசயா எந்திரிக்கச் சொன்னான்னு சொல்லுங்க.”

மில் வாசலிலிருந்து ரயில்வே கேட்டுவரைக்கும் வண்டிகள் நின்றன. ஊர் ஊராக அன்று எல்லாரும் வந்துவிட்டார்கள். வானத்தைப் பார்ப்பதும், முன்வண்டிக்காரனை வைவதும், மாட்டுக்குச் சோளத்தட்டை போடுவதுமாக இருந்தார்கள். துளசிராம் விடியற்காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடித்தவன். அவன் பருத்தி எடைபோட்டு இறக்கியாகிவிட்டது. வெற்று வண்டிமேல் உட்கார்ந்து, ராஜா மாதிரி, வாய் நிறைய வெற்றிலை போட்டிருந்தான்.

நான் காதோடு சொன்னேன். வெற்றிலையை மெல்லுவது நின்றது.

“நல்லாப் பாத்தாளா?”

“பாத்துட்டுத்தான் அனுப்பியிருக்கா. எந்தப் பக்கம் கொட்டினாங்க உன்னோடத?”

அவன் கையை நீட்டினான். எந்திரக் கொட்டகைக்குள் போகிற குவியல். கூடைக்காரர்கள் அதன் பாதியை ஏற்கெனவே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

“போ, போய் நிறுத்தச் சொல்லு.”

“இருங்க.”

“என்ன இருங்க? உள்ள உன் தங்கச்சி உக்காந்திருக்கா துளசிராம்.”

“தெரியாதா எனக்கு? சத்தம் போடாதீங்க. இரும்பு இருக்குன்னு வாயத் தொறந்தா என் பாரத்த மொத்தமாத் தள்ளிருவான் மேஸ்திரி. மில்லு நின்னா பின்னால நிக்கிற அத்தன பேரு பருத்தியும் நனையும். நாளைக்கு எந்த மில்லு இருக்கு இங்க? இந்த ஊர்ல நான் தல காட்ட முடியுமா?” என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். “அரிவாளு என்ன ஊசியா? கூடைக்காரன் கண்ணுல படும். படாமலா போயிரும்?”

“படலேன்னா?”

அவன் என் சட்டையை விட்டான். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் அந்தக் கடைசிச் சரக்கு வண்டி விசில் அடித்தது. நான் பாயிண்ட் மாற்றாவிட்டால் அது நேராக, நிற்கிற பெட்டிகள்மேல் வந்து ஏறும்.

“நான் ஓடிட்டு ஓடியாறேன். அதுக்குள்ள நீ உள்ள போயிருக்கணும். இல்ல, நான் போவேன்.”

ஓடினேன். நெம்புகோலைத் தள்ளி, கொடி காட்டி, அந்தச் சனியன் பிடித்த ரயில் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வருகிறவரைக்கும் நின்றேன். வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான் அதன் வேகத்தைக் கேலி செய்யத் தோன்றவில்லை. அழுகை வந்தது. திரும்பி ஓடிவந்தபோது துளசிராம் கொட்டகைச் சுவரின் கம்பிவலை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். வலையில் விரல்களைக் கோத்து, உள்ளே பார்த்தபடி. உள்ளே போகவில்லை.

நான் அவனைத் தாண்டி வாசலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் சாட்டையால் அடிபட்ட மாடு மாதிரி துள்ளி எனக்கு முன்னால் ஓடினான்.

“நிறுத்துங்க! நிறுத்துங்க! வேணு, எந்திரி! எந்திரிடீ!”

பெல்ட்டுகள் படபடத்து ஓய்ந்தன. பஞ்சுத்தூசி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் புருவமெல்லாம் வெள்ளையாகத் திரும்பிப் பார்த்தார்கள். வேணு எழுந்திருக்கவில்லை. அவள் இடது உள்ளங்கையில் சேலைக்கிழிசல் சுற்றியிருந்தது, அதில் ரத்தம் ஊறியிருந்தது.

மேஸ்திரி ஓடிவந்தார். “எவன்டா அது? என்னடா ஆச்சு? மழை வருது, வேகன் நிக்குது, இப்பப் போயி நிறுத்துறான்!”

துளசிராம் வாயைத் திறந்தான். வாசலில் நிற்கிற வண்டிகளைத் திரும்பிப் பார்த்தான்.

வேணு மடிக்கடியிலிருந்து அரிவாளை எடுத்துக் காட்டினாள். செப்புக்கம்பி சுற்றின பிடி.

“என்னோட அரிவாளுங்க. சாயங்காலம் மாட்டுக்குப் புல்லறுக்க எடுத்தாந்தேன். எங்கண்ணன் இதத்தான் தேடிட்டு வந்திருக்கு.”

“இரும்பை மில்லுக்குள்ள கொண்டாந்தியா? அறிவிருக்கா உனக்கு? இத்தன வருசம் வேல பாத்தவ!”

“தப்புதாங்க. வேணும்னா இன்னிக்குக் கூலியப் புடிச்சுக்குங்க.”

மேஸ்திரி வைதுகொண்டே பெல்ட்டை மாட்டச் சொன்னார். அந்த இடைவெளியில் துளசிராம் அவள் பக்கத்தில் குனிந்தான்.

“எப்ப வந்துச்சு?”

“மொதக் கூடையிலயே வந்துருச்சு. கை அறுபட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது.” அவள் அவனைப் பார்க்காமல், எந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கொடிக்காரண்ணன் உன் காதுல சொன்னதும் தெரிஞ்சுது. இங்கேர்ந்து அந்த ஜன்னல் வழியா வண்டி நிக்கிற எடம் நல்லாத் தெரியும்ணே. நீ வலையப் புடிச்சுட்டு நின்னதும் தெரிஞ்சுது.”

“வேணு...”

“இந்தா, கொண்டுபோ. பிள்ள தலமாட்டுல வை.”

எந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அதற்கப்புறம் யார் பேசினாலும் கேட்காது.

மழை பொழுது சாயத்தான் பிடித்தது. பாதி வண்டிகள் இறக்கிவிட்டன, பாதி நனைந்தன. துளசிராமின் பருத்தி ஒரு சொட்டு நனையவில்லை. வீட்டுக் கூடம் காலியாகிப் பெரிதாக இருந்தது, பேசினால் எதிரொலித்தது. பிள்ளை பால் குடித்துவிட்டது. காலையில் சூடாக இருந்தது அழுத அழுகையில்தான். அனுசயா வேணுவின் கையைப் பிரித்து மஞ்சள் வைத்துக் கட்டினாள். வேணு ஒரு கையால் கடலைமாவு கிண்டினாள், துளசிராமுக்கும் தட்டில் போட்டாள். அவன் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு வண்டியில புது மில்லுக்குப் போறேன் அண்ணி. மேஸ்திரிகிட்டப் பேர் சொல்லிட்டேன். இரும்பு கொண்டாந்தவன்னு மொறச்சாரு. அப்புறம் சரின்னுட்டாரு.”

அனுசயா கட்டைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. “பேர் வைக்கிறதுக்குக்கூட இருக்கமாட்டியா? அத்தைதானேடீ காதுல பேர் சொல்லணும்?”

“இப்பவே சொல்லிட்டுப் போறேன்.” பிள்ளையின் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன பெயர் என்று யாருக்கும் சொல்லவில்லை. பிறகு அனுசயாவின் முகவாயைப் பிடித்தாள். “கொடிக்காரண்ணன நீதான் அனுப்புனேன்னு தெரியும். உனக்காகன்னா இருப்பேன் அண்ணி. ஆனா தெனம் எங்கண்ணன் சாப்பிடறதப் பாக்கணுமே.”

துளசிராம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை அந்த ராத்திரி அவன் வாயிலிருந்து வரவில்லை. அவன் கெட்டவன் இல்லை, நான் அந்த வீட்டில் அத்தனை வருடம் தின்றவன், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அவன்மேல் வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

மறுநாளும் தூறிக்கொண்டிருந்தது. பேல்களைத் தார்ப்பாய் போட்டு மூடி, ராவோடு ராவாகக் கழற்றின எந்திரங்களை ஏற்றி, கடைசி வேகனில் மில் பெண்களை உட்காரவைத்தார்கள். வேணுவின் டிரங்குப் பெட்டியை நானே ஏற்றினேன். “அதே பெட்டிதாண்ணே, கனம்கூட அதேதான்” என்று சிரித்தாள். சிரிப்பு பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. பிளாட்பாரத்தில் கொல்லனும் செக்குக்காரனும் கங்குபாயும் நின்றார்கள். யாரும் கை அசைக்கவில்லை. சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள்.

பச்சைக் கொடி காட்டினேன். வண்டி நகர்ந்தது.

தண்டவாளம் துளசிராமின் பருத்திக்காட்டை ஒட்டியே போகும். அவன் அங்கே வண்டி கட்டி, பருத்திமார் ஏற்றிக்கொண்டிருந்தான். கடைசி வேகன் பக்கத்தில் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினான். ஓடக்கூட இல்லை, நடந்தான். நான் பாயிண்ட் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கைகளை நீட்டி நீட்டிப் பேசினான். அவள் குனிந்து கேட்டாள். ஒரு கை பிடித்துத் தாவினால் அவன் ஏறியிருக்கலாம். காலைக் கீழே விட்டால் அவள் இறங்கியிருக்கலாம். அந்த ரயிலில் ஓடி ஏறவோ இறங்கவோ தெரியாதவர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது.

காட்டின் எல்லைக் கல்லருகே அவள் என்னமோ சொன்னாள். அவன் நின்றுவிட்டான்.

அவன் திரும்பி வந்தபோது கேட்டேன், என்ன சொன்னாள் என்று. தலையிலிருந்து தண்ணீர் வழிய நின்றான்.

“‘மாடு மழையில நிக்குதுண்ணே, போ’ன்னா.”

“அதுக்கு?”

“வந்துட்டேன்” என்றான். பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்து, தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். உட்காரலாம். இனி அந்தப் பக்கம் பஞ்சு வண்டி எதுவும் வருவதற்கில்லை.